கடையத்து எலுமிச்சையின் தாயும் தகப்பனும்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 செங்கோட்டையைத் தாண்டியதும் மலையைப் பார்த்துத் திரும்புகிறது. புளியறையோடு தமிழ்நாட்டு எல்லை முடிகிறது. அங்கிருந்து எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவுப் பக்கம் நுழையும் சரக்கு லாரிகளில் காய்கறி மூட்டைகளோடு எலுமிச்சைச் சாக்குகளும் போகும். கேரளத்துப் பெட்டிக்கடையில் நாரங்கா வெள்ளமாகவும், ஓணச் சாப்பாட்டில் இலை ஓரத்து ஊறுகாயாகவும் ஆகும் பழங்களில் நிறையப் பழம் இந்த வழியாகப் போனதுதான்.

ஆனால் அவை புளியறையில் விளைந்தவை அல்ல. புளியறை கணவாயின் வாயில் இருக்கும் ஊர். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் மேகம் மலையின் தாழ்ந்த பகுதி வழியாகப் புகுந்து முதலில் இங்கேதான் சாரலைத் தூவும். வயலில் நெல், வரப்பில் தென்னை என்று ஊரே பச்சையாக இருக்கும். எலுமிச்சைக்கு இவ்வளவு ஈரம் ஆகாது. இலையிலும் காயிலும் மரத்துப்போன புள்ளிகளாகத் தெரியும் சொறி நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியா, மழைத்துளியில் தெறித்து, காற்றில் அடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் போகிறது. சாரலும் காற்றும் சேர்ந்து வரும் இடம் அதற்குச் சொர்க்கம். அதனால்தான் எலுமிச்சை, மலையை ஒட்டியிருந்தும் மழை குறைந்த இடங்களைப் பிடித்துக்கொண்டது. வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் புளியங்குடி. அதன் சந்தையால் அதற்கு எலுமிச்சை நகரம் என்றே பெயர். தெற்கே, தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில் கடையம். பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். தாவரவியல் படித்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் தெரிந்திருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாட்டு எலுமிச்சை என்று நாம் உரிமையோடு சொல்லும் இந்தப் பழம் ஒரு கலப்பினம். இரண்டு வேறு வேறு இனங்கள் கூடிப் பிறந்த பிள்ளை.

சிட்ரஸ் குடும்பத்தின் மரபணுக்களை முழுதாகப் படித்து வம்சாவளியை வரைந்த ஆய்வு 2018 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஆல்பர்ட் வூ, மனுவேல் தலோன், ஃபிரெடரிக் கிமிட்டர், டேனியல் ரோக்ஸர் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 60 மரங்களின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டார்கள். இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தில், ஏறக்குறைய 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் குடும்பம் கிளைவிடத் தொடங்கியது என்பது அவர்கள் முடிவு. அப்படிக் கிளைத்த காட்டு இனங்கள் சில. நம் கடைகளில் குவிந்திருக்கும் பழங்களில் பெரும்பாலானவை அந்தச் சில இனங்கள் தமக்குள் மாறி மாறிக் கலந்ததால் வந்தவை. பம்ப்ளிமாஸ் தூய இனம். சாத்துக்குடியும் கமலாவும் சேர்ந்த ஆரஞ்சுக் கூட்டத்தில் பம்ப்ளிமாஸும் மாண்டரினும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன. மேல்நாட்டுச் சமையலில் வரும் நீண்ட, தடித்த தோலுள்ள லெமன், புளிப்பு ஆரஞ்சுக்கும் சிட்ரானுக்கும் பிறந்தது. அந்தப் புளிப்பு ஆரஞ்சே ஒரு கலப்பினம் என்பதால் லெமன் கலப்பின் கலப்பு.

நம் எலுமிச்சையின் கணக்கு இதைவிட எளிது. ஒரு தாய், ஒரு தகப்பன், ஒரே தலைமுறை. தகப்பன் சிட்ரான். யூதர்கள் சுக்கோத் திருவிழாவில் கையில் ஏந்தும் எத்ரோக் இதுதான். கைமுட்டி அளவுக்கும் மேல் பெரிதாக வளரும். பெரும்பகுதி வெள்ளைத் தோல், நடுவில் கொஞ்சம் சாறு. நம் ஊறுகாய்க்கு வரும் கடாரங்காய் இந்த வழி உறவு. தாய், பிலிப்பைன்ஸ் தீவுகளின் மைக்ராந்தா என்னும் சிறுமரம். அதன் பழத்தை நம் சந்தையில் வைத்தால் யாரும் விலை கேட்க மாட்டார்கள். சாறு குறைந்த இரண்டு பழங்கள் கூடி, விரலால் அழுத்தினாலே சாறு பீறிடும் பிள்ளையைப் பெற்றிருக்கின்றன. கலப்பினம் என்றால் பெற்றோரின் சராசரி என்று நினைப்பவர்களுக்கு எலுமிச்சை நல்ல பதில்.

இந்த உறவை ஆய்வுக்கூடம் இல்லாமலும் பார்க்கலாம். ஓர் எலுமிச்சை இலையைக் காம்போடு பறித்துக்கொள்ளுங்கள். காம்பு இலையோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டு தெரியும். காம்பின் இரு பக்கமும் நூல்போல ஒரு பச்சை விளிம்பு ஓடும். தாவரவியலார் அதைச் சிறகு என்பார்கள். மைக்ராந்தாவில் இந்தச் சிறகு இன்னொரு இலையோ என்று நினைக்கும் அளவுக்கு அகன்றிருக்கும். சிட்ரானில் சிறகே கிடையாது. பிள்ளையிடம் இருப்பது இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு. வேப்பிலைக்கட்டி இடிக்க எலுமிச்சை இலையையும் நாரத்தை இலையையும் நரம்பு கிழித்து ஆயும் நம் வீட்டுப் பெண்கள், தாய்வழி அடையாளம் ஒன்றைத் தினமும் விரலில் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தாய் எது, தகப்பன் எது என்று எப்படிச் சொல்ல முடிந்தது? இலையின் பசுங்கணிகங்களுக்குத் தனியே ஒரு சிறு மரபணுத் தொகுதி உண்டு. சிட்ரஸில் அது தாய் வழியாக மட்டும் பிள்ளைக்கு வரும். எலுமிச்சையின் பசுங்கணிகம் மைக்ராந்தாவுடையது. ஆகவே மைக்ராந்தாவின் பூவில் சிட்ரானின் மகரந்தம் விழுந்தது என்பது உறுதி. மெக்சிகோ எலுமிச்சை, ஃபுளோரிடாவின் கீ எலுமிச்சை என்று உலகம் சொல்வதும் இதே பழம்தான். அரபு வணிகர்கள் மேற்கே கொண்டுபோனார்கள். ஸ்பானியர்கள் கடல் கடத்தினார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இரண்டு வேறு இனங்கள் சேர்ந்து பிறந்த முதல் தலைமுறைக் கலப்பினத்தின் விதையைப் போட்டால், அடுத்த தலைமுறை சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல ஆளுக்கொரு விதமாக வர வேண்டும். கலப்பின மக்காச்சோளத்தின் விதையை எடுத்து மறுபடி விதைத்துப் பார்த்த விவசாயிகளுக்கு இது தெரியும். ஆனால் எலுமிச்சை விதையைப் போட்டால் எலுமிச்சைதான் வருகிறது. புளியங்குடியிலும் கடையத்திலும் தலைமுறை தலைமுறையாக விதைக் கன்றுதான் வைத்தார்கள். நூற்றாண்டுகளாகப் பழம் மாறவில்லை. எப்படி?

விதைக்குள் பார்க்க வேண்டும். நன்றாகப் பழுத்த எலுமிச்சையின் கொழுத்த விதை ஒன்றை ஊறவைத்து, மேல்தோலையும் உள்தோலையும் நகத்தால் உரியுங்கள். உள்ளே வெள்ளையாக இருக்கும் பருப்பை மெல்லப் பிரித்தால் சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருப்பது தெரியும். சின்னதும் பெரியதுமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஈர மணலில் போட்டால் ஒரே விதையிலிருந்து இரண்டு, சில நேரம் மூன்று முளைகூட எட்டிப் பார்க்கும். ஆரஞ்சு விதையில் இதை 1719-இல் லீவன்ஹூக் கவனித்திருக்கிறார். நுண்ணோக்கியால் நுண்ணுயிர்களை முதலில் கண்ட அதே டச்சுக்காரர். அது ஏன் அப்படி என்று சொல்ல இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1878-இல் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் என்னும் தாவரவியலாளர், அந்த அதிகப்படிக் கருக்கள் ஆண் பெண் சேர்க்கையில் உண்டாகவில்லை என்று காட்டினார். சூலுக்குள் இருக்கும் தாயின் உடல்திசுவே முளைவிட்டுக் கருவாகிறது. அந்தக் கருவில் தகப்பன் பங்கு கிடையாது. அது தாயின் அச்சு அசலான நகல்.

ஆக, ஒரு எலுமிச்சை விதைக்குள் இரண்டு வகைப் பிள்ளைகள் இடத்துக்குப் போட்டியிடுகிறார்கள். ஒருவர் முறைப்படி மகரந்தம் சேர்ந்து பிறந்தவர். மற்றவர்கள் தாயின் நகல்கள். பெரும்பாலும் நகல்கள் ஜெயிக்கும். சேர்க்கையில் பிறந்த கரு பல விதைகளில் நசுங்கி முளைக்காமலே போகும்.

2017-இல் 'நேச்சர் ஜெனெட்டிக்ஸ்' இதழில் சீன ஆய்வாளர்கள் இதன் மரபணுவை அடையாளம் காட்டினார்கள். ஆர்.கே.டி.1 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மரபணுவின் முகப்பில், இடம் மாறித் திரியும் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டு எப்போதோ வந்து செருகிக்கொண்டது. அந்தச் செருகல் உள்ள மரங்களில் நகல் கருக்கள் உண்டாகின்றன. ஒரு பிரதி இருந்தாலே போதும். பம்ப்ளிமாஸிலும் சிட்ரானிலும் அது இல்லை. அவற்றில் ஒரு விதைக்கு ஒரு கருதான்.

எலுமிச்சை உலகம் சுற்றியும் குணம் மாறாமல் இருந்ததற்கு இந்தச் செருகல்தான் காரணம். விவசாயிக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சிட்ரஸ் மரங்களை வாட்டும் டிரிஸ்டெசா வைரஸ் அசுவினிப் பூச்சி வழியாகவும், நோயுள்ள மரத்தில் எடுத்த ஒட்டு வழியாகவும் பரவும். விதை வழியாகப் பரவாது. எலுமிச்சை அந்த வைரஸுக்கு மிகவும் எளிதில் ஆட்படும். எந்த அளவுக்கு என்றால், ஒரு தோப்பில் டிரிஸ்டெசா இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உலகெங்கும் எலுமிச்சைக் கன்றையே சோதனைச் செடியாக வைத்தார்கள். அதன் இலை நரம்பு வெளுத்தால் நோய் உறுதி. அப்படிப்பட்ட மரத்தை விதைக் கன்றாகவே வளர்த்தது நம் முன்னோரின் நல்ல பழக்கம். ஒவ்வொரு தலைமுறையும் தாயின் குணத்தோடு, தாயின் நோய் இல்லாமல் தொடங்கியது.

இதே குணம்தான் புது ரகம் தேடுபவரின் கையைக் கட்டுகிறது. இரண்டு மரங்களைக் கூட்டிப் புதுப் பிள்ளை வேண்டும் என்று நினைத்தால் எலுமிச்சை தன் நகலையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். வேலையைப் பாருங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டைத் தேர்ந்து, இதழை விலக்கி, மகரந்தப் பை வெடிக்கும் முன்பே கேசரங்களை எல்லாம் சிமிட்டாவால் எடுக்க வேண்டும். தகப்பன் மரத்தின் மகரந்தத்தைச் சூலகமுடியில் தொட்டு வைத்து, வேறு தேனீ வராமல் பையால் மூட வேண்டும். காய் முற்ற ஐந்தாறு மாதம். விதை போட்டு, முளைத்த நாற்றில் நகல் எது, உண்மையான கலப்பு எது என்று பிரிக்க வேண்டும். முன்பு இலையின் வடிவத்தை வைத்துப் பிரித்தார்கள். இன்று இலைத் துணுக்கின் டி.என்.ஏ. சொல்லிவிடும். அதன் பிறகு காய்க்க நாலைந்து வருடம். காய்த்தபின் அது நல்லதா என்று பார்க்கப் பல பருவங்கள். ஒரு ஆராய்ச்சியாளர் பணிக்காலம் முழுவதும் உழைத்து ஒரு ரகம் கொடுத்தால் பெரிது.

பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதைச் செய்து காட்டியது. நம் எலுமிச்சையையும் நேபாளி உருண்டை லெமனையும் கூட்டி அவர்கள் எடுத்த கலப்பினத்துக்கு ரஸ்ராஜ் என்று பெயர். பழம் 55 கிராம். அதில் 70 சதவீதம் சாறு. புளிப்பு 6 சதவீதம் அளவில் நிற்கிறது. பழத்துக்குப் பன்னிரண்டு விதை. எல்லாவற்றுக்கும் மேல் சொறி நோயைத் தாங்கும். அந்தத் தாங்கும் சக்தி லெமன் வழி வந்தது. புளியறை போன்ற சாரல் பூமியில் எலுமிச்சை வைக்க ஆசைப்படுபவருக்கு இந்த வழிதான் நம்பிக்கை தருவது என்பது என் கருத்து. மருந்து தெளித்து மழையோடு மல்லுக்கட்டுவதைவிட, நோயைத் தாங்கும் உடம்பைக் கொடுப்பது மேல். ஆனால் சந்தைக்கு வேறு கணக்கு இருக்கிறது. புளியங்குடிக் கமிஷன் கடையில் பழத்தைக் கையில் எடுப்பவர் தேடுவது மெல்லிய தோலும், பளபளப்பும், உருண்டை வடிவமும், நாட்டு மணமும். லெமன் வழிப் பிள்ளை எதுவானாலும் இந்தப் பரீட்சையில் தேறியாக வேண்டும்.

கடையத்துக்கு வருகிறேன். கலப்பு செய்யாமலும் புது ரகம் கிடைக்கும். தேடிப் பார்க்கும் கண் வேண்டும். நகல்கள் நூற்றுக்கு நூறு நகலாக இருப்பதில்லை. தலைமுறைகள் போகப் போக ஏதோ ஒரு மரபணு எழுத்து மாறும். எப்போதாவது சேர்க்கையில் பிறந்த கரு ஒன்று நகல்களை முந்திக்கொண்டு முளைத்து மரமாகும். கடையம் பகுதித் தோட்டங்களில் நின்ற எலுமிச்சை வகை ஒன்றிலிருந்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் தேர்ந்தெடுத்துப் பெருக்கி வெளியிட்ட ரகம்தான் பி.கே.எம். 1. உருண்டையான, நடுத்தரத்துக்கு மேல் பெரிய, மஞ்சள் நிறப் பழம். எடையில் பாதிக்கு மேல் சாறு. ஊர்ப் பெயர் மறைந்து கல்லூரியின் பெயர் ஒட்டிக்கொண்டது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது கடையமும் அதற்குள் வந்தது. ஆகவே இந்த ரகத்தின் பிறந்த வீடு தென்காசி மாவட்டம் என்று தாராளமாகச் சொல்லலாம். அந்தத் தோட்டங்களில் நல்ல மரத்தின் பழத்தை விதைக்கென்று ஒதுக்கி வைத்த கைகளுக்குப் பெயர் இல்லை. முதல் தேர்வு அவர்களுடையது. கல்லூரி இரண்டாவதாக வந்தது.

உலகத்தில் புகழ்பெற்ற சிட்ரஸ் பழங்கள் பலவும் இப்படி யாரோ ஒருவர் கண்ணில் பட்டவைதான். பம்ப்ளிமாஸும் சாத்துக்குடி வழி ஆரஞ்சும் கரீபியத் தீவில் தாமாகக் கலந்ததில் திராட்சைக்கொத்துப்போலக் காய்க்கும் கிரேப்ஃப்ரூட் வந்தது. அல்ஜீரியாவின் மிசர்கின் ஊரில் அனாதை இல்லத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட கிளெமான் என்னும் துறவி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு மரத்தின் பழம் வேறாக இருப்பதைக் கண்டார். இன்று ஐரோப்பா குளிர்காலம் முழுக்கத் தின்னும் கிளமென்டைன் அது. திட்டமிட்டுக் கூட்டியவையும் உண்டு. 1894-95 குளிர்காலத்தில் ஃபுளோரிடாவின் தோப்புகள் உறைபனியில் கருகியபோது வால்டர் ஸ்விங்கிள் குளிர் தாங்கும் மரங்களைத் தேடி இனங்களைக் கூட்டத் தொடங்கினார். 1909-இல் நம் எலுமிச்சையைக் கும்குவாட் என்னும் சிறுபழத்தோடு கூட்டினார். பிறந்தது லைம்குவாட். தோலோடு கடித்துத் தின்னக்கூடிய எலுமிச்சை.

நமக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் கலப்பினம் கின்னோ. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் ஹோவர்ட் ஃபிராஸ்ட் 1915-இல் கிங், வில்லோ லீஃப் என்ற இரு மாண்டரின்களைக் கூட்டினார், 1935-இல் வெளியிட்டார். பிறந்த இடத்தில் அது பெரிதாக எடுபடவில்லை. பஞ்சாப் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. மார்கழி, தை மாதங்களில், ஐயப்ப பக்தர்கள் குற்றால அருவியில் குளித்துவிட்டுப் புளியறை வழியாக மலை ஏறும் நாட்களில், தென்காசிப் பழக்கடைகளில் ஆரஞ்சு என்று அடுக்கியிருப்பது பல நேரம் கின்னோதான். பளபளப்பான தோல், நிறைய விதை, கொட்டும் சாறு. அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் பெயர் கேளுங்கள். நூறு வயது தாண்டிய ஒரு கலப்பினத்தைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

புதுப் பழம் ஒன்று கிடைத்தால் அதைச் சுவைக்கவும் ஒரு முறை இருக்கிறது. அவசரப்பட்டுப் பிழிந்துவிடக் கூடாது. முதலில் தோலை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோக வேண்டும். தோலில் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணெய்ப் பை. எல்லா சிட்ரஸுக்கும் பொதுவான லிமோனீன் அதில் பெரும்பங்கு. எலுமிச்சை என்று மூக்குக்கு அறிவிப்பது அதோடு கொஞ்சமாகக் கலந்திருக்கும் சிட்ரால். கலப்பினத்தில் இரண்டு பெற்றோரின் மணமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் நொடியில் எலுமிச்சை, அடுத்த நொடியில் நாரத்தை என்று மாறுவதைக் கவனித்தால் பாதி வம்சாவளி தெரிந்துவிடும். இலையையும் கசக்கிப் பாருங்கள். நீர்மோரில் நாரத்தை இலையைக் கிள்ளிப் போட்டுக் குடித்துப் பழகிய மூக்கு இதில் ஏமாறாது.

பிறகு குறுக்கே வெட்ட வேண்டும். நெடுக்கே வெட்டினால் சுளைகளின் எண்ணிக்கை தெரியாது. தோலின் கனம், நடுத்தண்டு கெட்டியா உள்ளீடற்றதா, விதை எத்தனை, சாற்றுப் பைகள் தடித்தவையா மெல்லியவையா என்று கண்ணால் பார்த்த பிறகே நாக்கு. புளிப்பு என்பது சாற்றுப் பையின் செல்களுக்குள் அமிலத்தை இறைத்து நிரப்பும் ஒரு பம்பின் வேலை. எலுமிச்சையில் அது முழு வேகத்தில் ஓடுவதால் சாற்றில் ஆறேழு சதவீதம் சிட்ரிக் அமிலம் சேர்கிறது. சாத்துக்குடியில் அந்தப் பம்பு கிட்டத்தட்ட ஓய்ந்திருக்கிறது. இந்தப் பம்பையும், அதை முடுக்கும் நோயமி என்ற மரபணுவையும் 2019-இல் வெளிவந்த இரு ஆய்வுகள் விளக்கின. சர்க்கரை பெரிதாகக் கூடாமலே, புளிப்பு நின்றுபோனதால் மட்டும் ஒரு பழம் இனிப்பாகத் தோன்றலாம்.

கசப்பைத் தனியே சோதிக்க வேண்டும். சாற்றைப் பிழிந்து உடனே கொஞ்சம், ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் குடியுங்கள். பழத்தில் கசக்காத ஒரு பொருள், பிழிந்தபின் அமிலத்தோடு சேர்ந்து மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறும். சாத்துக்குடிச் சாற்றை வைத்துக் குடித்தால் தொண்டையில் கசப்பது இதனால். பிழிந்து வைத்தும் கசக்காத புதுப் பழம் கிடைத்தால் அது பொக்கிஷம். சர்பத் கடைக்காரர் அதன் அருமையை உடனே சொல்லுவார். நன்னாரி சர்பத்தில் ஒருமுறை, ரசத்தில் ஒருமுறை, உப்புப் போட்டு ஜாடியில் ஒரு மாதம் என்று மூன்று விதமாகவும் பார்த்துவிடுங்கள். தோல் தடித்ததால் சாற்றுக்குத் தோற்கும் பழம், ஊறுகாயில் முதலிடம் வாங்கும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: வெயிலில் நின்று பிழியாதீர்கள். தோலின் எண்ணெயிலும் சாற்றிலும் இருக்கும் சில பொருள்கள் வெயில் பட்டால் கையைக் கன்றிக் கறுக்க வைக்கும்.

சாலையோர நாற்றங்காலில் ஹைப்ரிட் எலுமிச்சை என்று விற்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் அது வெறும் ஒட்டுக் கன்று. ஒட்டுக்கட்டுவதால் புது ரகம் பிறக்காது. உள்ள ரகம் பெருகும், அவ்வளவே. விதையில்லா எலுமிச்சை என்று விற்பது பெரும்பாலும் தாஹித்தி எலுமிச்சை. அது உண்மையான கலப்பினம். எலுமிச்சையிடமிருந்து பாதிக்குப் பதில் முழுத் தொகுதியும், லெமனிடமிருந்து பாதியும் சேர்ந்ததால் அதற்குக் குரோமோசோம் மூன்று தொகுதி. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் விதை உண்டாவதில்லை. பதியனோ ஒட்டோ வைத்துத்தான் பெருக்க வேண்டும். ஆகவே தாய்மரம் நோயற்றதா என்று கேட்டு வாங்குங்கள். கன்று விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: இதன் தாய் எது, தகப்பன் எது? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

தென்காசி மாவட்டத்து விவசாயிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 2022 ஏப்ரலில் நாட்டின் பல ஊர்களில் எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, கோடையில் காய்க்கும் மரத்துக்கு என்ன மதிப்பு என்பதை எல்லோரும் பார்த்தோம். சொறி பிடிக்காத மரம், கோடையில் காய்க்கும் மரம், விதை குறைந்த மரம் எங்கேயாவது ஒரு வேலி ஓரத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கலாம். ஆனால் நாற்றங்காலில் இலை வேறாகத் தெரியும் கன்றைப் பிடுங்கி எறிவதுதான் நம் வழக்கம். நகல் அல்லாத பிள்ளை அதில்தான் இருக்கும். நாற்றில் ஒன்றிரண்டு அப்படித் தெரிந்தால் கிணற்று மேட்டிலோ வரப்போரத்திலோ நட்டு வையுங்கள். முள் அதிகமாக இருக்கும், காய்க்கத் தாமதமாகும். முதல் காய்ப்பில் பழம் தோல் தடித்துச் சாறு வற்றித்தான் வரும். இளமரத்தின் இயல்பு அது. மூன்று நான்கு காய்ப்பு பார்த்தபின் தீர்ப்புச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பக்கத்து மரமெல்லாம் சொறி பிடித்து நிற்க இது மட்டும் சுத்தமாக நின்றால் கண்டிப்பாகக் குறித்து வையுங்கள்.

அப்படி ஒரு மரம் அமைந்தால், பழத்தையும் இலையின் படத்தையும் வன்னிக்கோனேந்தலில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்துக்கோ, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். கிளை வெட்டிக் கொண்டுபோக வேண்டாம். நோயும் கூடவே பயணம் செய்யும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, தான் கண்டு வளர்த்த ரகத்தை உழவர் தன் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளலாம். உழவருக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது.